சம்பாத்தியம் ஓசூரில், செலவு எங்கே?

வசதி படைத்தவர்களின் பணம் எந்த வழியில் போகிறது, அதில் நம் மளிகைக் கடைக்கு வரக்கூடியது எவ்வளவு என்று ஒரு கணக்கு

கோடீஸ்வரர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தால் நமக்கென்ன, நம் கடையில் துவரம்பருப்பும் கடலை எண்ணெயும் விற்றால் போதாதா என்று கேட்கும் வணிக அன்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகள் வந்த அளவுக்கு, கட்டடங்கள் எழுந்த அளவுக்கு, மனை விலை ஏறிய அளவுக்கு நம் கல்லாப்பெட்டி நிறைந்திருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தால், நெஞ்சில் கை வைத்து 'ஆம்' என்று சொல்லக்கூடியவர்கள் சிலரே. அப்படியானால் இங்கே உண்டாகும் பணம் எங்கே போய்ச் சேருகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கடையை விரிவுபடுத்துவதும், விலை உயர்ந்த சரக்கை வாங்கி அடுக்குவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதற்குச் சமம்.

கடிகாரம் இங்கே, மாளிகை அங்கே

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகுதான் ஓசூரின் முகம் மாறியது. அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது. பின்னர் தனிஷ்க் நகைகளும் இங்கேயே உருவாயின. அண்மைக் காலத்தில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா மின்சார ஸ்கூட்டர் போச்சம்பள்ளி அருகிலும், டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தேன்கனிக்கோட்டைப் பக்கமும் வந்துள்ளன. 2004-இல் தனி மாவட்டமானது கிருஷ்ணகிரி. 2019-இல் மாநகராட்சியானது ஓசூர்.

இவ்வளவு தொழில் நடக்கும் ஊரில் அதன் செல்வர்கள் குடியிருக்கிறார்களா என்றால், இல்லை. டைட்டன் பங்குகளை 2000களின் தொடக்கத்தில் மலிவாக வாங்கி, விடாமல் வைத்திருந்து, நாட்டின் பெரும் செல்வர்களில் ஒருவராக உயர்ந்தவர் மும்பையின் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா. அவருடைய முதலீடுகளில் மிகப் பெரிய பங்கு டைட்டன்தான். அவர் குடியிருப்புக்குத் தேர்ந்தெடுத்த இடம் மும்பை மலபார் குன்று. அங்கே இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை 2013-இலும் 2017-இலும் இரண்டு வங்கிகளிடமிருந்து பகுதி பகுதியாக, மொத்தம் சுமார் 371 கோடி ரூபாய்க்கு வாங்கி, அந்த மனையில் தமக்கென்று மாளிகை எழுப்பினார். 2022 ஆகஸ்டில் அவர் காலமானார். ஓசூரில் கடிகாரம் பூட்டிய கைகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அந்தத் தொழிலின் வளர்ச்சியால் பெருகிய செல்வம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கடலைப் பார்த்த குன்றின் மீது கட்டடமாக நின்றது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பங்கு வைத்திருப்பவருக்கு இலாபம் சேர்வது வழக்கம்தான். டிட்கோ மூலம் தமிழ்நாடு அரசுக்கும் டைட்டனில் கால் பங்குக்கு மேல் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாம் அறிய வேண்டியது ஒன்றுதான்: தொழில் நடக்கும் இடமும், செல்வம் குடியிருக்கும் இடமும் ஒன்றல்ல.

நாடு முழுவதும் இப்படித்தான். முகேஷ் அம்பானியின் 27 மாடி வீடு இருப்பது மும்பை ஆல்டமவுண்ட் சாலையில். அவருடைய பெரிய சுத்திகரிப்பு ஆலை இருப்பதோ குஜராத்தின் ஜாம்நகரில். டில்லியில் கோல்ஃப் லிங்க்ஸ், ஜோர்பாக். சென்னையில் போட் கிளப், போயஸ் தோட்டம். பெங்களூரில் கோரமங்களா, சதாசிவநகர், டாலர்ஸ் காலனி என்று செல்வர்களின் தெருக்கள் சிலவே. உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டின் உச்சியில் உள்ள நூற்றில் ஒருவர் கையில் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்தன. அந்த ஒருவர் நம் கடைத்தெருவில் குடியிருக்க வாய்ப்புக் குறைவு.

இன்னொரு செய்தியும் நம் தொழிலுக்கு நெருக்கமானது. அதே மலபார் குன்றில் 2021-இல் ஒரு பங்களா 1,001 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. வாங்கியவர் இராதாகிஷன் தமானியும் அவர் தம்பியும். பங்குச் சந்தையில் பொருள் ஈட்டிய தமானி 2002-இல் தொடங்கியது டி-மார்ட். பருப்பும் சோப்பும் சமையல் எண்ணெயும் விற்கும் கடைதான் அது. 2025 மார்ச்சில் அதன் கிளைகள் 415. சாதாரண மக்கள் மாதாமாதம் வாங்கும் மளிகைதான் அவருடைய செல்வத்தைப் பல மடங்கு ஆக்கியது. வசதிக்காரர்களைத் தேடிப் போய் அவர் வசதிக்காரர் ஆகவில்லை. இதைப் பிறகு பேசுவோம்.

நம் பக்கத்து வசதிக்காரர்கள் யார்?

பெரும் முதலாளிகள் தொலைவில் இருக்கட்டும். நம் கடைக்கு எட்டும் தூரத்தில் வசதி படைத்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, தொழிற்சாலைகளின் உயர் அதிகாரிகள். இவர்களில் கணிசமானவர்கள் பெங்களூரில் குடியிருந்துகொண்டு தினமும் காலையில் காரிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஓசூருக்கு வந்து, மாலையில் அத்திப்பள்ளி வழியாகத் திரும்புகிறவர்கள். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, பெரிய ஆஸ்பத்திரி என்று காரணங்கள் பல. இவர்கள் நம் ஊரில் பகலில் சம்பாதித்து, இரவில் அங்கே செலவழிக்கிறார்கள். 2010-இல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை திறந்ததும், 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்ததும் இந்தப் போக்குவரத்தை இன்னும் எளிதாக்கியுள்ளன.

இரண்டாம் வகை, அதற்கு நேர் எதிரானவர்கள். பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு. அங்கே வீட்டு வாடகையும் மனை விலையும் கட்டுப்படியாகாமல் எல்லைக்கு இந்தப் பக்கம் தனி வீடோ அடுக்குமாடி வீடோ வாங்கியவர்கள். பாகலூர் சாலை, தளி சாலை, மத்திகிரிப் பக்கம் எழும் புதுக் குடியிருப்புகளில் இவர்கள் அதிகம். சம்பளம் பெங்களூர் அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இவர்கள் முகம் வெளியே தெரியும்.

மூன்றாம் வகை, மண்ணின் மக்கள். நிலம் விலை ஏறி வசதியானவர்கள், கிரானைட், மாங்கூழ், ரோஜாத் தோட்டம், லாரி, செங்கல் சூளை என்று தொழில் செய்து உயர்ந்தவர்கள். இவர்கள் பல தலைமுறையாக நம் கடைகளில் கணக்கு வைத்திருப்பவர்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், கெடா வெட்டு என்றால் மூட்டைக் கணக்கில் வாங்குகிறவர்களும் இவர்களே.

நான்காம் வகை, வெளியூரில் இருந்துகொண்டு இங்கே பண்ணை வீடு வைத்திருப்பவர்கள். வருடத்தில் சில நாட்கள் வருவார்கள். காவலாளியும் தோட்டக்காரரும்தான் வருடம் முழுவதும் நம் வாடிக்கையாளர்கள்.

இந்த நான்கு வகையையும் 'பணக்காரர்கள்' என்று ஒரே கூடையில் போட்டுவிட்டால் கணக்குத் தப்பிவிடும். முதல் வகையினர் நமக்குக் கிடைப்பது அரிது. மூன்றாம் வகையினர் ஏற்கனவே நம்மவர்கள். இரண்டாம் வகையினரைத்தான் நாம் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

பணம் பத்து மடங்கு, பசி அதே மடங்கு

1857-இல் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டு சொன்னார். வருமானம் கூடக் கூட, அதில் சாப்பாட்டுக்குச் செலவாகும் பங்கு குறைந்துகொண்டே போகும் என்பதே அது. நம் பாட்டிமார்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: எத்தனை பணம் இருந்தாலும் வயிறு ஒன்றுதான்.

மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவு ஆய்வு இதற்குச் சான்று. இந்திய நகரங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய். உச்சியில் உள்ள ஐந்து சதவீதத்தினருக்கு அது 20,824 ரூபாய். அடித்தட்டில் உள்ள ஐந்து சதவீதத்தினருக்கு 2,001 ரூபாய். நான்கு பேர் குடும்பமாகப் பெருக்கினால் முறையே சுமார் 25,800, 83,300, 8,000 ரூபாய்.

இனி, சராசரி நகரக் குடும்பத்தின் 25,800 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். உணவுக்கு 39.17 சதவீதம், அதாவது சுமார் 10,100 ரூபாய். அதில் அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்கு மொத்தச் செலவில் 3.64 சதவீதம்தான், சுமார் 940 ரூபாய். ஆனால் பானங்கள், பலகாரங்கள், பாக்கெட் உணவுகள், வெளியில் வாங்கும் சாப்பாடு இவற்றுக்கு 10.64 சதவீதம், சுமார் 2,750 ரூபாய். தானியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! 1999-2000-இல் நகரத்தில் தானியத்தின் பங்கு 12.39 சதவீதமாகவும் கிராமத்தில் 22.23 சதவீதமாகவும் இருந்தன. 2022-23-இல் கிராமத்திலும் அது 4.91 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ரேஷன் அரிசியும் இதற்கு ஒரு காரணம்; ஆனால் அது மட்டுமே காரணமல்ல.

இதன் பொருள் என்ன? 'வசதியானவர்கள் குடி வருகிறார்கள், இனி அரிசி மூட்டை பறக்கும்' என்று எண்ணினால் ஏமாற்றம்தான். பேச்சுக்கு ஒரு கணக்கு. மாதம் 25,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி வீட்டில் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் வாங்கும் அதிகாரி வீட்டில் அறுபதாயிரத்துக்கா வாங்குவார்கள்? பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ஆனால் அதிகம். வருமானம் பத்து மடங்கு. மளிகை இரண்டரை மடங்கு. அந்த இரண்டரை மடங்கும் எடையில் கூடாது, தரத்தில் கூடும். சாதா முந்திரி முழு முந்திரியாகும், பாக்கெட் எண்ணெய் செக்கெண்ணெயாகும், நெய் அரைக் கிலோவுக்குப் பதில் ஒரு கிலோவாகும். அவ்வளவுதான்.

மிச்சப் பணம் போகும் வழி

மீதியெல்லாம் எங்கே போகிறது? வீட்டுக் கடன் தவணை, கார், பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரி, நகை, சுற்றுலா, முதலீடு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் 2023-24-இல் இந்தியர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிய தொகை சுமார் 3,170 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல், சுமார் 1,700 கோடி டாலர், பிரயாணச் செலவு. 2024-இல் நாட்டில் விற்ற மெர்சிடிஸ் கார்கள் 19,565. தங்கத்துக்கான நாட்டின் தேவை அதே ஆண்டில் 800 டன்னைத் தாண்டியது. இவற்றில் எதுவும் மளிகைக் கடை வழியாகப் போகும் பணமல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசதியானவர் காருக்கும் பிரயாணத்துக்கும் செலவழிக்கும்போது விலை கேட்டுத் தயங்குவதில்லை. வீட்டுச் சாமான் வாங்கும்போது ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார் என்று நம்மில் பலர் வியக்கிறோம். அதில் வியப்புக்கு இடமில்லை. காரின் விலையை அவர் பத்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறார். துவரம்பருப்பின் விலையை மாதாமாதம் கேட்கிறார். மாதாமாதம் கேட்கும் விலைதான் மனத்தில் நிற்கும். பருப்பு, எண்ணெய், சர்க்கரை, பால் ஆகிய நான்கிலும் பக்கத்துக் கடையைவிட நாம் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தால், 'அந்தக் கடை விலை ஜாஸ்தி' என்ற பெயர் நிலைத்துவிடும். மற்ற நானூறு சரக்கின் விலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. விலையைக் குறைக்க வேண்டிய இடம் எது, இலாபம் வைக்க வேண்டிய இடம் எது என்பதை இதிலிருந்து முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லை தாண்டும் பை

ஒரு காலத்தில் வரி வித்தியாசமே எல்லை வியாபாரத்தை நடத்தியது. கர்நாடகம் 2005 ஏப்ரலில் வாட் வரிக்கு மாறியது. தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான் மாறியது. ஒரு பொருளுக்கு அந்தப் பக்கம் வரி குறைந்தால் பை அந்தப் பக்கம் போகும்; இந்தப் பக்கம் குறைந்தால் இங்கே வரும். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததோடு சோதனைச் சாவடிகளில் வரிக்காகச் சரக்கு லாரி காத்து நின்றதும், அந்த வித்தியாசமும் போயின. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18-இலிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய், பாதாம் ஆகியவற்றின் வரி 12-இலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தபோதும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் குறைந்தன.

வாங்கும் சக்தியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2022-23 ஆய்வின்படி நகரங்களில் ஓர் ஆளின் மாதச் செலவு தமிழ்நாட்டில் 7,630 ரூபாய், கர்நாடகத்தில் 7,666 ரூபாய். வித்தியாசம் 36 ரூபாய்! கிராமங்களில் தமிழ்நாடு 5,310 ரூபாயுடன் முன்னே நிற்கிறது, கர்நாடகத்தில் 4,397. ஆகவே, 'அவர்கள் பெங்களூர்க்காரர்கள், நம்மால் முடியாது' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

பிறகு ஏன் பை எல்லை தாண்டுகிறது? வேலை முடிந்து திரும்பும் வழியில் வண்டி நிறுத்த இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ், குளிர்சாதனம், பில்லில் சந்தேகம் இல்லாமை. இவற்றோடு இப்போது கைபேசியும் சேர்ந்துவிட்டது. 2011-இல் பிக்பாஸ்கெட் தொடங்கியது பெங்களூரில். 2020-இல் இன்ஸ்டாமார்ட்டுக்கும் பெங்களூர் தொடக்க ஊர்களில் ஒன்று. பிறகு பிளிங்கிட், செப்டோ. பெங்களூரில் பகல் முழுவதும் இருந்து, பத்து நிமிடத்தில் கறிவேப்பிலை வந்து சேரும் பழக்கத்துக்கு ஆளானவர்தான் நம் இரண்டாம் வகை வாடிக்கையாளர். ஓசூரில் வீடு வாங்கியதால் அந்தப் பழக்கம் மாறிவிடாது.

பர்கூரைப் பாருங்கள். பெரிய நகரமல்ல, ஆனால் 'குட்டி சூரத்' என்று பெயரெடுத்த ஜவுளிச் சந்தை அங்கே இருக்கிறது. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வாடிக்கையாளர்கள் நம் மாவட்டத்துக்கு வந்து துணி வாங்கிப் போகிறார்கள். ஏராளமான கடைகள் ஒரே இடத்தில் சேர்ந்து, கட்டுப்படியாகும் விலையில், வகை வகையாகச் சரக்கு வைத்ததன் பலன் அது. எல்லை என்பது ஒருவழிப் பாதையல்ல என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

நம் மண்ணின் சரக்கு

மளிகை வியாபாரிக்கு அப்படி ஒரு பலம் உண்டா? உண்டு. வசதி படைத்தவர்கள் இப்போது தேடித் தேடி வாங்குவது எதை? கேழ்வரகு, சாமை, தினை, செக்கெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கொட்டை நீக்கிய நல்ல புளி, நாட்டு மஞ்சள். சர்க்கரை வியாதியும் டாக்டர் ஆலோசனையும் சேர்ந்து, ஏழை வீட்டுக் களியை மாளிகை மேசைக்குக் கொண்டுபோய்விட்டன. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. கேழ்வரகு விளையும் மாவட்டம் எது? நம்முடையது. கிருஷ்ணகிரிப் புளி, அரசம்பட்டித் தேங்காய், இராயக்கோட்டைத் தக்காளி, கிருஷ்ணகிரி மாம்பழம் எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் விளைபவை. பெங்களூர்க் கடையில் அடுக்கில் பளபளக்கும் ராகி மாவு, நம் சந்தையிலிருந்தே போயிருக்கவும் கூடும்.

2025-26-க்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். அதாவது கிலோ 48 ரூபாய் 86 பைசா. கல், மண், உமி நீக்கி, அரைத்து, அரைக் கிலோ, ஒரு கிலோப் பொட்டலமாக்கி, அரைத்த தேதி போட்டு வைத்தால், அரிசியில் கிடைக்காத இலாபம் இதில் கிடைக்கும். இரண்டு விஷயம் மட்டும் கவனம். பொட்டலத்தின் மீது உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, பொட்டலமிட்டவர் பெயர் விலாசம், தேதி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அடுத்து, 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தானியம், பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் கிடையாது. விலை போடும்போது இதைச் சேர்த்துப் போட வேண்டும்.

ஏமாறக் கூடாத இடங்கள்

'பணக்காரன் பின்னாலே பத்துப் பேர்' என்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக நிற்கும் வியாபாரிக்கு நான்கு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, கடன். பெரிய வீட்டுக் கணக்கு, பணம் எங்கே போய்விடும் என்று விட்டுவிடுகிறோம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் வீடு, மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறது என்றால், நம் முதலில் 45,000 ரூபாய் எப்போதும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு ரூபாய் வட்டி போட்டால் மாதம் 900 ரூபாய். அந்த வீட்டு வியாபாரத்தில் ஆறு சதவீதம் இலாபம் என்றால் மாதம் 900 ரூபாய். கழித்துப் பாருங்கள்; மிச்சம் பூஜ்யம். மூன்று மாதம் ஓசியில் சரக்குச் சுமந்திருக்கிறோம்! டி-மார்ட் கடன் தருவதில்லை. கொள்முதல் செய்த சரக்குக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்கிறது. இந்த இரண்டும்தான் அதன் சூட்சுமம். நாமும் மொத்த வியாபாரியிடம் ரொக்கத்துக்கு வாங்கினால் கழிவு கேட்கலாம். கடன் பாக்கியை வைத்துக்கொண்டு கேட்க முடியுமா?

இரண்டு, அடைந்து கிடக்கும் சரக்கு. ஆலிவ் எண்ணெய், வெளிநாட்டுச் சாக்லேட், பெயர் வாயில் நுழையாத சாஸ் பாட்டில்கள் கடைக்கு அழகுதான். ஆனால் கணக்குப் போட வேண்டும். 10,000 ரூபாய்க்கு அரிசி வாங்கி, நான்கு சதவீத இலாபத்தில் மாதம் ஒரு முறை விற்றால் வருடத்துக்கு 4,800 ரூபாய். அதே 10,000 ரூபாயை இருபது சதவீத இலாபமுள்ள சரக்கில் போட்டு, வருடத்துக்கு இரண்டு முறைதான் விற்கிறதென்றால் 4,000 ரூபாய். அதிலும் தேதி முடிந்து தூக்கிப் போட்டது தனி. கேட்டவருக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் வரவழைத்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்று, கமிஷன். பெரிய வீடுகளில் சாமான் வாங்க வருபவர் வீட்டுக்காரர் அல்ல, சமையல்காரரோ டிரைவரோதான். அவரை மரியாதையாக நடத்த வேண்டும். வெயிலில் நிற்க வைக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். ஆனால் பில்லில் ஐந்நூறு ஏற்றிப் போட்டு அவருக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஒருநாளும் இடம் கொடுக்கலாகாது. ஒரு முறை அம்மணி கைபேசியில் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் டிரைவரின் வேலையும் போகும், நம் கடையின் பெயரும் போகும். வேலை வேறு இடத்தில் கிடைக்கும், பெயர் கிடைக்காது.

நான்கு, எல்லைச் சட்டம். தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது ஒன்றரைக் கோடி வரை விற்று ஒரு சதவீதம் கட்டும் முறையில் இருப்பவர்கள், வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பது சட்டப்படி கூடாது. அத்திப்பள்ளிக்காரர் நம் கடைக்கு வந்து, கல்லாவில் பணம் கட்டி, கையோடு எடுத்துப் போனால் அது உள்ளூர் விற்பனை. நாம் ஆள் அனுப்பி அவர் வீட்டில் இறக்கினால் வெளிமாநில விற்பனை. டோர் டெலிவரி தொடங்குமுன் ஆடிட்டரைக் கலந்துகொள்வது நல்லது.

நாளை காலையே செய்யக்கூடியது

இரண்டாம் வகை வாடிக்கையாளரைப் பிடிக்கக் குளிர்சாதனமும் கண்ணாடிக் கதவும் அவசியமில்லை. அவருக்குத் தட்டுப்பாடு நேரம்தான். கைபேசியில் லிஸ்ட் அனுப்பினால், சொன்ன நேரத்துக்கு, எடை குறையாமல், பில்லோடு வீட்டில் சேர வேண்டும். இரவு ஒன்பதரைக்கு அவர் வண்டி வந்து நிற்கும்போது பை கட்டித் தயாராக இருக்க வேண்டும். பூச்சி விழுந்த பருப்பென்றால் மறு பேச்சின்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்வது நம் ஊர் வியாபாரிக்குப் பிறவியிலேயே வந்த சொத்து. 'பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கும்மா?' என்று கேட்கும் வாய் எந்தக் கைபேசிக்கும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறக்கக் கூடாதவர் தொழிலாளி. சம்பளம் வந்த மறுநாளே நம் கடைக்கு வருபவர் அவர். தீபாவளி போனஸைக் கொண்டுவருபவர் அவர். விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம் பெண்களும், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து கடுகெண்ணெயும் ஆட்டா மாவும் அவலும் கேட்பவர்களும் இதில் அடக்கம். சம்பாதிப்பதில் பெரும்பகுதியை இருக்கும் ஊரிலேயே செலவழிப்பவர் அவர்தான். முதலாளியின் இலாபம் மலபார் குன்றுக்குப் போகலாம். அதிகாரியின் சம்பளம் கோரமங்களாவுக்குப் போகலாம். தொழிலாளியின் சம்பளம் முதலில் ஏறுவது நம் கடைப் படியைத்தான். வசதிக்காரர் வண்டி வந்து நின்றதும் அவரைக் காக்க வைத்துவிட்டு ஓடும் கடைக்காரர், வருடம் முழுவதும் வரும் வருமானத்தை ஒரு நாள் வியாபாரத்துக்காகத் தள்ளிவிடுகிறார்.

டி-மார்ட் தமானி மலபார் குன்றில் பங்களா வாங்கியது ஆலிவ் எண்ணெய் விற்று அல்ல. சாதாரணக் குடும்பத்துக்குச் சரியான எடையில், குறைந்த விலையில், ரொக்கத்துக்கு மளிகை விற்றுத்தான். அது நமக்குத் தெரியாத வித்தையல்ல. நம் அப்பா, தாத்தா காலத்து வித்தை. கடன் நோட்டை இந்த வாரம் எடுத்துப் பார்த்து, மூன்று மாதத்தைத் தாண்டிய பெரிய வீட்டுக் கணக்குகளை வசூலித்து, அந்தப் பணத்தில் ரொக்கத்துக்குச் சரக்கு எடுங்கள். ஓசூரின் செல்வத்தில் நமக்குரிய பங்கை மீட்பதற்கு அதுவே முதல் படி.